என்ன சார், ஃபேனா?

முகத்தில் பாதி நுரை, கையில் ரேஸர். கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தேன். என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, ஷேவ் பண்றீங்களா?"

அந்த நிமிஷத்தில்தான் என் வாழ்க்கையின் மாபெரும் முடிவை எடுத்தேன். எடுத்த வேகத்தில் தாடையில் வெட்டும் பட்டது.

முடிவு இதுதான். கண்ணுக்கு எதிரே பளிச்சென்று தெரிகிற விஷயத்தை எவர் கேள்வியாகக் கேட்டாலும் இனிமேல் நேரான பதில் கிடையாது. ஏடாகூடமாகத்தான் சொல்வேன். கேட்டவர் கூனிக் குறுகி, நாக்கைக் கடித்துக்கொண்டு, அன்றோடு திருந்திவிட வேண்டும்.

என்னை முன்கோபக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள். என் உத்தியோகம் அப்படி. மின்சார அலுவலகத்தில் புகார் பிரிவில் டெலிபோனைக் கட்டிக்கொண்டு அழுகிறவன் நான். ஊரே இருட்டில் உட்கார்ந்துகொண்டு எனக்குப் போன் போட்டு, "சார், கரண்ட் இல்லையா?" என்று கேட்கும். இருந்தால் என்னை எதற்கு ஐயா கூப்பிடுகிறாய்? தூங்குகிறவனை உலுக்கி எழுப்பி "தூங்குறீங்களா?" என்கிறார்கள். வழுக்கி விழுந்து தரையோடு தரையாகக் கிடந்தால், குனிந்து பார்த்து "விழுந்துட்டீங்களா?" என்கிறார்கள். முடி வெட்டிக்கொண்டு போனால், "என்ன, முடி வெட்டியாச்சா?" இல்லை, தலை பெரிதாகிவிட்டது! மனுஷன் எவ்வளவுதான் பொறுப்பான்?

முதல் சோதனையை வீட்டிலேயே ஆரம்பித்தேன். தப்பு.

சாயங்காலம் வந்து கதவைத் தட்டினேன். மனைவி திறந்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. அவள் வீட்டிலேயே துணி தைத்துக் கொடுக்கிறவள்.

"வந்துட்டீங்களா?"

"இல்ல. இன்னும் வரல. ஆபீசுலதான் இருக்கேன்."

என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்படிங்களா? சரி, அவர் வந்ததும் சொல்றேன்." கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

"ஏய்! நான்தான்!"

"யாருங்க அது?"

"உன் புருஷன்டி!"

"அவரு ஆபீசுல இருக்காருங்க. அவர் இல்லாதப்போ கண்டவங்களை உள்ள விடக் கூடாதுன்னு கண்டிப்பா சொல்லியிருக்காரு. தப்பா நெனைச்சுக்காதீங்க."

உள்ளே தையல் மிஷின் கடகடவென்று ஓட ஆரம்பித்தது. எனக்காக நிற்கும் என்று தோன்றவில்லை. அப்போது பக்கத்துச் சுவருக்கு மேலே ஒரு தலை முளைத்தது.

"என்ன சார், வெளியில நிக்கிறீங்களா?"

இவர்தான் என் பக்கத்து வீட்டுக்காரர். லிஃப்ட் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை பார்த்த காலமெல்லாம் "மேலயா சார், கீழயா சார்?" என்று கேட்டே பழகியவர். உத்தியோகம் ஓய்ந்துவிட்டது, வாய் ஓயவில்லை. 'என்ன சார்' போடாமல் அவருக்கு ஒரு வாக்கியம் கூடத் தொடங்காது. அதனால் என் மனதுக்குள் அவருக்கு 'என்னசார்' என்றே பெயர். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஸ்டூல் போட்டு வைத்திருக்கிறார். நான் வாசலில் கால் வைத்தால் அவர் ஸ்டூலில் கால் வைப்பார்.

அவரைப் பார்த்ததும் எனக்கு ஞானம் பிறந்தது. மனைவியிடம் நம் பருப்பு வேகாது. பழகிக்கொள்ள இவர்தான் சரியான ஆள்.

மறுநாள் காலை. தலையில் ஹெல்மெட், தோளில் ஆபீஸ் பை, கழுத்தில் அடையாள அட்டை. வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தேன்.

"என்ன சார், ஆபீசா?"

"இல்ல சார். மீன் பிடிக்க."

அவர் வெட்கப்படவில்லை. யோசித்தார்.

"என்ன சார், ஹெல்மெட் போட்டுக்கிட்டா?"

"பெரிய மீன் சார்!"

வெற்றி வீரனாக வண்டியைக் கிளப்பினேன். அன்று முழுக்க அலுவலகத்தில் விசிலடித்தபடி புகார்களைக் கேட்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், மனைவி கையில் கழுவின சட்டியோடு நிற்கிறாள்.

"மீன் எங்க?"

"எந்த மீன்?"

"பிடிக்கப் போனீங்களே, அந்தப் பெரிய மீன். பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னாரு. நான் மசாலா அரைச்சு வெச்சுட்டேன். அவங்களுக்கும் பாதி தர்றேன்னு வாக்குக் குடுத்துட்டேன்."

"அது சும்மா, கிண்டலுக்குச் சொன்னது."

"கிண்டலா?" சட்டியைக் கீழே வைத்தாள். "அண்ணனையா கிண்டல் பண்ணீங்க? நீங்க காய்ச்சல்ல சுருண்டு கெடந்தப்போ உங்களைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினது யாரு?"

"அவர்தான்."

"சரி, கெளம்புங்க. நேரா அவர்கிட்ட போயி, 'நீங்க ஒரு நல்ல மனுஷன், உங்களைத்தான் நான் கிண்டல் பண்ணேன்'னு சொல்லிட்டு வந்துடுவோம்."

நான் கிளம்பினேன். மீன் கடைக்கு.

இதோடு புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அடுத்த வாரம் கொட்டுகிற மழையில் தொப்பலாக நனைந்து வந்தேன். சட்டை உடம்போடு ஒட்டியிருக்கிறது. மூக்கு நுனியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. சுவருக்கு மேலே குடையோடு தலை முளைத்தது.

"என்ன சார், நனைஞ்சிட்டீங்களா?"

"இல்ல சார். இனிமே வீட்டுத் துணியெல்லாம் நான்தான் துவைக்கப் போறேன். உடம்புல போட்டபடியே ஆரம்பிச்சுட்டேன்."

சொல்லி முடித்துத் தும்மினேன். தும்மலின் எதிரொலி அடங்குவதற்குள் விஷயம் சமையலறைக்குப் போய்விட்டது. மறுநாள் விடிந்ததும் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு வாளி, ஒரு சோப்புக் கட்டி, ஒரு குன்று உயரத்துக்கு அழுக்குத் துணி.

"என்னங்க, உங்களுக்கு எவ்வளவு பெரிய மனசு! அண்ணன் தெரு பூரா சொல்லிட்டாரு."

"இதோ பாரு, அது வந்து..."

"கிண்டலா? வாங்க, போயி அண்ணன்கிட்ட..."

வாளியைத் தூக்கிக்கொண்டேன். அன்று முதல் எங்கள் வீட்டுத் துணி என் கையால்தான் வெளுக்கிறது. என் முகமும் கூடவே வெளுத்துக்கொண்டு வந்தது.

ஆகவே முடிவை வாபஸ் வாங்கினேன். இனி என்னசார் எதைக் கேட்டாலும் 'ஆமாம் சார்'. அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. வாய்க்குப் பூட்டு.

இந்த இடத்தில் என் ஃபேன்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் ஓரமாக ஓர் அறை இருக்கிறது. பெரிய ஜன்னல், நல்ல வெளிச்சம். அதில் நான் பழைய டேபிள் ஃபேன்களைச் சேர்த்து வைத்திருக்கிறேன். ஒன்றுக்கு இறக்கை இல்லை, ஒன்றுக்குக் கழுத்து நிற்காது, ஒன்று சுற்றினால் தானும் சேர்ந்து மேஜையைச் சுற்றும். எல்லாவற்றையும் ஒரு நாள் சரி செய்வேன். அந்த நாள்தான் வந்தபாடில்லை. அலுவலகத்தில் நாளெல்லாம் பிறத்தியார் புகாரைக் கேட்கிற எனக்கு, புகார் சொல்லத் தெரியாத ஜீவன்கள் அவைதான். ஞாயிற்றுக்கிழமை அந்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால் நான் ராஜா.

மனைவிக்கு அந்த அறை மேல் ரொம்ப நாளாகக் கண். அவள் தையல் மிஷின் படுக்கையறை மூலையில் வெளிச்சமில்லாமல் கிடக்கிறது. வெட்டின துணிகளைக் கட்டிலில் பரப்பி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு தைப்பாள். அதைப் பார்க்க எனக்கும் பாவமாகத்தான் இருக்கும். பாவம் பார்த்தால் அறை போய்விடும் என்பதால் பார்க்காமல் இருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை டீயைக் கொடுத்துக்கொண்டே பேச்சை எடுத்தாள்.

"அந்த ரூமை எனக்குக் குடுத்துடுங்களேன்."

"இந்த ஜென்மத்துல நடக்காது."

"தெருப் பொம்பளைங்க அளவு குடுக்க வந்தா நிக்க எடமில்லைங்க."

"சூரியன் மேற்கால உதிச்சாலும் நடக்காது!"

"சரிங்க."

அவ்வளவுதான். ஒரே ஒரு 'சரிங்க'. சண்டை இல்லை, மூக்கு உறிஞ்சல் இல்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு 'சரிங்க' வந்ததில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். மண்டையில் சூடு ஏறியிருந்ததால் ஆகவில்லை.

கோபத்தைத் தணித்துக்கொள்ள வழக்கம்போல ஒரு ஃபேனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். படியில் உட்கார்ந்து துடைக்க ஆரம்பித்தேன். ஸ்டூல் கிறீச்சிட்டது.

"என்ன சார், ஃபேனா?"

பல்லைக் கடித்தேன். "ஆமாம் சார்."

"என்ன சார், தொடைக்கிறீங்களா?"

"ஆமாம் சார்."

என் கையில் துணி. துணியில் தூசி. தூசி என் மூக்கில். என்னசார் சுவரின் மேல் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு நன்றாக எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், துணியாலயா?"

பூட்டு தெறித்தது.

"இல்ல சார்! துணியால இல்ல! என் ஃபேன் ரூமைக் காலி பண்ணி, என் பொண்டாட்டிக்குத் தையல் கடை வெச்சுக் குடுக்கப் போறேன்! இன்னிக்கே! இப்பவே! போதுமா?"

என்னசாரின் கண்கள் கலங்கின.

"என்ன சார், நெஜமாவா?" என்றவர் குரலை உயர்த்தினார். "தங்கச்சி! இங்க வாம்மா! சார் என்ன சொல்றாரு பாரு!"

தங்கச்சி எங்கிருந்து வருவது? அவள் என் முதுகுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தாள். கையில் துடைப்பம். எதிர்வீட்டு அம்மாள், கோடிவீட்டு அம்மாள், அளவு கொடுக்க வந்த இரண்டு பெண்கள், எல்லோரும் வாசலில் ஆஜர்.

"என்னங்க! சொல்லவே இல்லையே!"

"ஏய், அது வந்து, நான் சும்மா..."

"சும்மா?" குரலைத் தாழ்த்திக்கொண்டு சிரித்த முகமாகவே கேட்டாள். "கிண்டலா? அண்ணன் கண்ணுல தண்ணியைப் பாருங்க. நீங்களே அவர்கிட்ட சொல்லிடுங்க."

பார்த்தேன். மனுஷன் சட்டை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். கையிலிருந்த ஃபேனைக் கீழே வைத்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் நான் பார்வையாளனாகத்தான் பார்த்தேன். என்னசார் சுவரேறிக் குதித்தே வந்துவிட்டார். ஆளுக்கொரு ஃபேனைத் தூக்கினார்கள். மிஷின் ஜன்னலோரம் போயிற்று. மத்தியானத்துக்குள் அறை முழுக்க கலர் கலராக நூல்கண்டுகள். மனைவி மிஷின் முன்னால் உட்கார்ந்து, ஊசியில் ஒரே குத்தில் நூலைக் கோத்துவிட்டு, வெளிச்சத்தைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. பிடித்துப்போய்விட்டதே என்ற கோபம் வேறு சேர்ந்துகொண்டது.

வாசற்படியில், என் ஃபேன்களுக்கு நடுவே போய் உட்கார்ந்தேன். என்னசார் ஒரு டம்ளர் டீயைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் நெளிந்தார்.

"சார், ஒரு விஷயம். மனசுல வெச்சுக்க முடியல."

முதல் தடவையாக 'என்ன' இல்லாமல் ஆரம்பித்திருந்தார். எனக்குத் திக்கென்றது.

"தங்கச்சி நேத்து வந்தாங்க. 'காலையில நான் ரூம் பேச்சை எடுத்து அவரைச் சூடேத்தி விடறேண்ணே. அப்புறம் நீங்க போயிக் கேளுங்க. எது நடக்கவே கூடாதுன்னு நெனைக்கிறாரோ அதைத்தான் அவர் பதிலாச் சொல்வாரு'ன்னாங்க. கேள்வியெல்லாம் அவங்க சொல்லிக் குடுத்ததுதான். 'துணியாலயா' கொஞ்சம் ஓவரோன்னு எனக்கே ஒரு சந்தேகம். 'அதுலதான் வெடிப்பாரு, தைரியமா கேளுங்க'ன்னாங்க."

"அப்போ நான் கிண்டல் பண்றது உங்களுக்குத் தெரியுமா?"

"நேத்துதான் தெரியும் சார். அவங்களே சொல்லிட்டாங்க. எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல. மீனு கூட நெஜம்னே நம்பிட்டேன். நல்லாவும் இருந்துச்சு."

"கண்ணு கலங்கினது?"

"அது நெஜம் சார். எனக்குத் தூசி ஒத்துக்காது."

டம்ளரைக் கீழே வைத்தேன். அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"இன்னொரு கேள்வியும் மனப்பாடம் பண்ணி வெச்சிருந்தேன் சார். அதுக்கு வேலையே இல்லாமப் போச்சு."

"என்ன கேள்வி?"

"என்ன சார், கோவமா இருக்கீங்களா?"

சுற்றிலும் பார்த்தேன். இறக்கையில்லாதது, கழுத்து தொங்கியது, எல்லாம் வெயிலில் கிடந்தன. உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. வாய் தானாகத் திறந்தது.

"இல்ல சார், ரொம்ப சந்தோஷமா இருக்கேன்! இந்த ஃபேனையெல்லாம்கூடத் தூக்கிக் குடுத்துட்டேன்னா இன்னும் சந்தோஷமா இருப்பேன்!"

உள்ளே மிஷின் நின்றது. ஜன்னல் வழியே என் மனைவியின் குரல் தேனாக வந்தது.

"அண்ணே, கேட்டுக்கிட்டீங்கல்ல? பழைய இரும்புக்காரர் தெருமுனையிலதான் நிக்கிறாரு, வரச் சொல்லுங்க."