ரெண்டாவது போட்டோ

என்னை யாராவது அவசரக்குடுக்கை என்று திட்டினால் நான் கோபப்படுவதில்லை. அதைத் தாராவியில் மேடையேறி, மைக் பிடித்து, நானே நிரூபித்திருக்கிறேன்.

அப்போது நான் வானியல் ஆராய்ச்சி மாணவி. பழுப்புக் குள்ளன் தேடுவது என் வேலை. (நட்சத்திரமாக எரியவும் முடியாமல், கிரகமாக அடங்கவும் மாட்டாமல் நடுவில் மாட்டிக்கொண்ட ஜென்மம் அது.) சில குள்ளன்கள் பிரகாசமான நட்சத்திரத்தைச் சுற்றும். அந்த வெளிச்சத்தை மறைத்துப் படமெடுத்தால் பக்கத்தில் மங்கலாக ஒரு புள்ளி தெரியும். ஒரு வருடம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். நட்சத்திரம் நகர்ந்த பக்கமே புள்ளியும் நகர்ந்திருந்தால் ஜோடி. இல்லையென்றால் எங்கோ பின்னால் கிடக்கும் வேறு நட்சத்திரம்.

எனக்கு முதல் படத்திலேயே புள்ளி கிடைத்தது. வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். குள்ளனேதான் என்று அப்பாவிடம் பிந்தாஸாக, துளி தயக்கமில்லாமல் சொன்னேன். பை தைக்கும் பட்டறை வைத்திருக்கும் அப்பா, ஊர்க்காரர் சங்கத்தில் சொன்னார். சங்கம் அடுத்த ஆண்டு விழாவில் எனக்குப் பாராட்டு என்று முடிவு செய்து, என் ஆதார் கார்டு போட்டோவைப் போட்டு ஃப்ளெக்ஸே அடித்துவிட்டது.

விழா அன்று மத்தியானம்தான் இரண்டாவது படம் வந்தது. நட்சத்திரம் நகர்ந்திருந்தது. புள்ளி அசையவே இல்லை. மூன்று முறை அளந்து பார்த்தேன். மாஹிம் ஸ்டேஷனிலிருந்து நடக்கும்போது, காய்ச்சல் என்று சொல்லித் தப்பிவிடலாமா என்று யோசித்தேன். (நிஜமாகவே காய்ச்சல் அடிப்பது போலத்தான் இருந்தது.) மண்டபத்தில் முன்வரிசையில் அப்பா, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், பக்கத்திலிருந்தவருக்குக் கையை ஆட்டி ஆட்டி என் புள்ளியை விளக்கிக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

செயலாளர் மைக்கைக் கையில் கொடுத்தார். அது ஜோடி இல்லை, பின்னாலிருக்கும் வேறு நட்சத்திரம், நான்தான் அவசரப்பட்டுவிட்டேன் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். மண்டபமே கைதட்டியது. யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. புரிந்த ஒரே ஆள் அப்பா, அவர் மட்டும் தட்டவில்லை. பொன்னாடை வாங்கியாகிவிட்டதே என்று செயலாளர் அதை எனக்குப் போர்த்திவிட்டார்.

வீட்டுக்குப் போகும் வழியில் தெருமுனையில் அப்பா கேட்டார்.

“ஏட்டி, ஒங்க காலேஜ் சாரு திட்டுவாரோ?”

“திட்டுவாருப்பா.”

“திட்டட்டும். நீ பொய் சொல்லலைல்லா.”

நடுரோட்டில் அழுதுவிட்டேன்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் யாரும் எதையும் முதல் பார்வையில் நம்புவதில்லை. மூன்று வருடம் கழித்து, இவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று செம்பூர்க்காரர் ஒருவரைக் கூட்டி வந்தேன். அப்பா அவரை ஏற இறங்கப் பார்த்தார், டீ கொடுத்தார். பிறகு சாவகாசமாக என் பக்கம் திரும்பினார்.

“அடுத்த வருசமும் ஒரு போட்டோ எடுத்துப் பாத்துட்டுச் சொல்லுட்டி.”

எடுத்தோம். இன்றைக்கும் வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா என் கணவரை அறிமுகப்படுத்துவது இப்படித்தான்: “நம்ம மாப்ள. ரெண்டாவது போட்டோலயும் கூடவே இருந்தவரு.”