அமுக்கித் திருகவும்

குளியலறைத் தரையில் பொம்மையொன்று நீல நீரில் முழுகிக் கிடந்தது. பக்கத்தில், தரை துடைக்கும் திரவத்துக்கான மாதிரிப் புட்டி. அதன் மூடி உடையவில்லை, கடிபடவில்லை. முறையாகத் திருகிக் கழற்றப்பட்டிருந்தது.

புட்டிக்குள் இருந்தது வெறும் சாயத் தண்ணீர்தான். ஆயினும் தர நிர்ணய அதிகாரிக்கு அது ஆறுதலாக இல்லை. அமுக்கிக்கொண்டே திருகினால்தான் திறக்கும் இந்த மூடியை, வீட்டில் புழங்கும் நச்சுப் பொருள்கள் அனைத்துக்கும் சட்டப்படி கட்டாயமாக்க வேண்டும் என்று அவர் எழுதிய பரிந்துரை குழுவின் முடிவுக்குக் காத்திருந்தது. பெரியவர்கள் திறக்கலாம், குழந்தைகளால் முடியாது. அவருடைய மகளுக்கு மூன்றரை வயது.

“நீங்க வீட்லதானே இருந்தீங்க?” என்றாள் மனைவி.

“இருந்தேன். உள்ளே உக்காந்து எழுதிட்டிருந்தேன்.”

“எதைப் பத்தி?”

“குழந்தைங்க பாதுகாப்பைப் பத்தி.”

மனைவி பொம்மையைத் துவட்டினாள்.

அதிகாரி இன்னும் விறைப்பான சுருள்வில் வைத்த மூடியைக் கொண்டுவந்தார். பொம்மையின் உடுப்பெல்லாம் நீலமாயின. அடுத்து, இருபுறமும் அழுத்திப் பிடித்துத் திருகும் மூடி. அதை மனைவி துணி சுற்றித் திருகினாள். கதவிடுக்கில் வைத்து நெருக்கினாள். கடைசியில் புட்டியோடு சேர்த்து அவரையும் முறைத்தாள். அன்று மாலை கூடத்துச் சுவர் நீலமாயிற்று.

கவலையை மிஞ்சிக்கொண்டு அதிகாரிக்கு ஆர்வம் பிறந்தது. இந்தப் பிஞ்சு விரல்களுக்கு இவ்வளவு வலு எங்கிருந்து வந்தது? மகள் படம் வரையும்போது அவள் விரல்களை அளவுகோலால் அளந்தார். திரைச்சீலைக்குப் பின்னால் நின்று வேவு பார்த்தார். அவளோ, “அப்பா அவுட்டு,” என்று கண்டுபிடித்துவிட்டு, தானும் ஒளியப் போய்விட்டாள்.

“அவளையே கேளுங்களேன்,” என்றாள் மனைவி.

“கேக்கக் கூடாது. குழந்தைகிட்ட வாயைத் திறந்தா சோதனையே கெட்டுடும். விதி இருக்கு.”

“எந்தப் புண்ணியவான் போட்ட விதி?”

“நான்தான்.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் பழக்கம் அதிகாரிக்கு இல்லை. நடந்ததைக் குழுத் தலைவரிடம் அப்படியே சொன்னார். தொடக்கத்திலிருந்தே அந்த மூடியை எதிர்த்துவந்த தலைவருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

“நான் அப்பவே சொன்னேனே. பிள்ளையைப் பாத்துக்கறது பெத்தவங்க வேலை. சட்டமா வந்து இடுப்புல தூக்கி வச்சுக்கும்? பாப்பாவைக் கூட்டிட்டு வாங்க. எங்க எதிர்ல அவ திறந்துட்டா, உங்க பரிந்துரைக்கு அதோட மங்களம்.”

குழு கூடிய அறையில் நாற்காலி நுனியில் மகள் உட்கார்ந்திருந்தாள். மேசைமேல் மூன்று வகை மூடிகளுடன் மூன்று புட்டிகள். தலைவருக்கு விதி எதுவும் தெரியாது. குனிந்து நேராகவே கேட்டார்.

“பாப்பா, இதை நீ வீட்ல எப்படிம்மா திறப்பே? மாமாவுக்குக் காட்டு.”

“சார், கேக்கக் கூடாது,” என்றார் அதிகாரி. அதற்குள் மகள் இறங்கிவிட்டாள்.

இனி வாதம் ஒன்றே கதி. அதிகாரி உறுப்பினர்கள் பக்கம் திரும்பினார்.

“பெத்தவங்க கவனம் வேணும், யார் இல்லேன்னா? ஆனா அதை மட்டும் நம்பிக் குழந்தையை விட முடியுமா? அவங்களும் மனுஷங்கதானே. வேலை இருக்கு, யோசனை இருக்கு…”

இருப்பதிலேயே கடினமான மூடியுள்ள புட்டியை அணைத்தபடி வந்த மகள் அவருடைய சட்டை நுனியை இழுத்தாள்.

“…கண்ணு ஒரு பக்கம் இருக்கும், கை ஒரு பக்கம் இருக்கும்…” அதிகாரி குனியாமலே புட்டியை வாங்கினார், இருபுறமும் அழுத்தினார், திருகினார், புட்டியை அவளுடைய ஒரு கையிலும் மூடியை மறு கையிலும் கொடுத்தார். “…அசந்த நேரத்துல என்ன வேணும்னாலும் நடந்துடும். அதனாலதான் சட்டம் வேணும்ங்கறேன்.”

உறுப்பினர்கள் அனைவரும் அவரையே பார்த்தார்கள். வாதம் பலித்துவிட்டது என்று அதிகாரி நினைத்தார்.

மகள் திறந்த புட்டியைத் தலைவரிடம் நீட்டினாள்.

“இப்படித்தான் மாமா.”