நாலு சக்கர சபதம்

“நம்ம காரை ஆல் வீல் டிரைவா மாத்தப்போறேன்!” என்று ஞாயிற்றுக்கிழமை காலை, வாயில் பல் துலக்கும் நுரையோடு பிரகடனம் செய்தேன்.

மனைவி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“இப்ப அதுல என்ன குறை?”

“இப்ப முன்சக்கரம் ரெண்டுதான் இழுக்குது. பின்னாடி ரெண்டும் சும்மா கூடவே உருண்டு வருது.”

“நம்ம குடும்பம் மாதிரின்னு சொல்லுங்க.”

யார் முன், யார் பின் என்று நான் கேட்கவில்லை. சிலதைக் கேட்காமல் விடுவதால்தான் என் கல்யாண வாழ்க்கை ஓடுகிறது.

விஷயம் இதுதான். எங்கள் வீடு ஒரு செங்குத்தான மேட்டின் உச்சியில் இருக்கிறது. நாலு தூறல் விழுந்தால் போதும், ஏறி வரும் சிமெண்ட் பாதை வழவழவென்று ஆகிவிடும். முன்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்றும். ரப்பர் கருகும். கார் மெல்லப் பின்வாங்கும். மனைவி பையோடு இறங்கி நடந்து, குளித்து, டீ குடித்து, பாத்திரத்தையும் கழுவிய பிறகு நான் மூச்சிரைக்க வந்து சேருவேன். கார் கீழேயே நிற்கும்.

இந்த நேரத்தில் அவளுக்கு, மேட்டுக்குக் கீழே இருக்கும் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சர் வேலை கிடைத்தது. காரைக் கேட்டாள். நான் ஆபீசுக்குப் போவது பஸ்ஸில். கார் வாரம் பூராவும் போர்த்திக்கொண்டு தூங்குகிறது. ஆனாலும் சாவியைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

“மழையில உன்னால இந்த மேட்டுல ஏத்த முடியாதும்மா” என்றேன், அக்கறையோடு.

“உங்களால முடியுதாக்கும்?”

எதிர்வீட்டுப் பல் டாக்டர் வேலி ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ரோஷம் வந்துவிட்டது.

“மழையில யாரு இதை மேல கொண்டுவந்து நிறுத்துறாங்களோ, சாவி அவங்களுக்கு! டாக்டர், நீங்கதான் சாட்சி!” என்று வாய் சொல்லிவிட்டது. மூளை பிறகுதான் வந்து சேர்ந்தது.

அதனால்தான் ஆல் வீல் டிரைவ்.

எங்கள் பக்கத்தில் ஒரு மெக்கானிக் உண்டு. எதையும் முடியாது என்று சொல்லமாட்டார். ‘ஆகட்டும் சார்’ என்பதுதான் அவருடைய பட்டப்பெயர்.

“பின்சக்கரத்துக்கும் இழுவை வேணும்” என்றேன்.

“ஆகட்டும் சார்.”

உடைசல் கடையிலிருந்து பின் அச்சு வந்தது. எஞ்சின் இழுவையைப் பின்னால் கொண்டுபோக நீளமான ஷாஃப்ட் வந்தது. அது போக வழியில்லை என்று காரின் தரையை அறுத்தார்கள். பெட்ரோல் டேங்க் குறுக்கே நின்றது என்று அதை நகர்த்தினார்கள். எல்லாம் மாட்டி முடித்த பிறகு மெக்கானிக் தலையைச் சொறிந்தார்.

“சார், இந்த கியர்பாக்ஸ்லேர்ந்து பின்னாடி பவர் எடுக்க வழியே இல்ல. வேற கியர்பாக்ஸ் வேணும். கிடைக்கறது கஷ்டம்.”

“அட பாவி! அப்புறம் எதுக்குய்யா இவ்வளவையும் மாட்டினீங்க?”

“நீங்கதானே சார் மாட்டச் சொன்னீங்க!”

ஷாஃப்டின் முன் முனையை ஒரு பேரிங்கில் தொங்கவிட்டோம். வண்டி உருண்டால் ஷாஃப்டும் சுற்றும். பார்த்தால் பயங்கரமாக வேலை செய்வது போலவே இருக்கும். ஆபீசில் நானும் அப்படித்தான் பிழைக்கிறேன்.

மனைவி குனிந்து அடியில் பார்த்தாள். “முன்னாடி இது எதுலங்க சேருது?”

“அது டெக்னிக்கல். உனக்குப் புரியாது.”

“ஓ. பின்னாடி நல்லா பாரம் ஏத்திக்கோங்களேன். பிடிப்பு கிடைக்குமில்ல?”

அடடா! என் தெய்வமே! எதிராளியே யோசனை சொல்கிறாள் பாருங்கள்! டிக்கி கொள்ளாத அளவுக்கு மணல் மூட்டைகளை அடுக்கினேன்.

அடுத்த ஞாயிறு மழை கொட்டியது. டாக்டர் குடையோடு வந்துவிட்டார், பக்கத்து வீடுகளுக்கும் சொல்லிவிட்டு.

மேட்டின் அடிவாரத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தேன். கார் மூக்கைத் தூக்கிக்கொண்டு அலறியது. பாதி தூரம்கூடப் போகவில்லை. வழக்கத்தைவிட வேகமாகப் பின்னால் வழுக்கி வந்தது.

“முன்னாடி ரெண்டுதான் சுத்துது!” என்று டாக்டர் ஊருக்கே கேட்கும்படி கத்தினார்.

“பின்னாடி இன்னும் சூடாகல டாக்டர்!”

மூன்று தடவை முயன்றேன். மூன்று தடவையும் குடைகளுக்கு அடியில் சிரிப்புச் சத்தம். மனைவி கண்ணாடியைத் தட்டினாள்.

“இறங்குங்க. மூட்டையெல்லாம் வெளியில எடுங்க.”

கொட்டும் மழையில் ஒவ்வொன்றாக இறக்கினேன். அவள் காரை அடிவாரத்தில் திருப்பி நிறுத்தினாள். கழுத்தைத் திருப்பிப் பின்கண்ணாடி வழியே பார்த்தபடி, ரிவர்ஸ் கியரில், அலட்டிக்கொள்ளாமல் மேலே ஏறினாள். ஒரு இடத்தில்கூடச் சறுக்கவில்லை. நேராக எங்கள் வாசலில் போய் நிறுத்தினாள். டாக்டர் குடையைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டினார்.

நான் நனைந்த கோழியாக நடந்தே மேலே போனேன்.

“எப்படி?”

“மேட்டுல பாரம் கீழ்ப்பக்கமா சாயும். இழுக்கற சக்கரம் கீழ்ப்பக்கம் இருந்தா நல்லா பிடிக்கும். அவ்வளவுதான்.”

“அப்போ பின்னாடி பாரம் ஏத்தச் சொன்னியே?”

“முன்சக்கரம் இன்னும் லேசாகட்டுமேன்னுதான்.”

“அடிப்பாவி! ரிவர்ஸ்ல ஏறும்னு தெரிஞ்சிருந்தும் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே!”

“சொல்லியிருந்தா நீங்க ஏத்தியிருப்பீங்களே” என்று சாவியைக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.