சம்பந்தியம்மா, நான் சாமான் வாங்கத்தான் போனேன்

சேசு மரி சூசை துணை

செயின்ட்-மிஷேல், மொன்றியல்
24 ஆகஸ்ட் 2026

பெருமதிப்புக்குரிய சம்பந்தியம்மா அல்போன்சம்மா அவர்களுக்கு,

'சம்பந்தியம்மா' என்று எழுதுமுன் பேனையை இரண்டு தரம் கீழே வைத்தேன். போன வெள்ளிக்கிழமை தாங்கள் தொலைபேசியில் என் மனைவி திரேசம்மாவிடம் "யோசிச்சுச் சொல்லுறன்" என்று சொல்லி வைத்த பிறகு அந்த உரிமை எனக்கு இன்னும் இருக்கிறதோ தெரியாது. இருந்தாலும் என் மகள் ஷெரோனுக்கும் தங்கள் மகன் றஜிந்தனுக்கும் வருகிற செப்டெம்பர் பத்தொன்பதாம் திகதி சனிக்கிழமை நிச்சயதார்த்தம் என்று மண்டபத்துக்குச் சொல்லி, கேக்குக்குச் சொல்லி, சுவாமிக்கும் சொல்லியாயிற்று என்பதால் துணிந்து எழுதிவிட்டேன். ஸ்காபரோவில் தாங்கள் குடும்பமாய்ச் சுகத்தோடிருக்க மடுமாதாவை மன்றாடுகிறேன். இங்கே நாங்கள் மூவரும் சுகம். என் கழுத்து மட்டும் இடப்பக்கம் திரும்பாது. அதன் காரணத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

தங்களுக்கு யாரோ அனுப்பிவைத்த வீடியோவில், மஞ்சள் நிறக் காருக்குள் தலைக்கவசம் போட்டுக்கொண்டு வாயை ஆவென்று திறந்தபடி பறக்கிற மனிதர் நான்தான். மறுக்கவில்லை. ஆனால் "கார் ரேஸ்காரன்ரை வீட்டிலை நான் சம்பந்தம் செய்யேலாது" என்று தாங்கள் சொன்னதைக் கேட்டு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. சம்பந்தியம்மா, நான் மன்னாரில் இருபத்தாறு வருடம் பங்குச் சுவாமிமாரின் காரை ஓட்டியவன். அது ஒஸ்ரின் ஏ-40. நாங்கள் 'ஏ போட்டி' என்போம். என் சீவியத்தில் எனக்குச் சம்பந்தமுள்ள போட்டி அது ஒன்றுதான். பொருளாதாரத் தடைக் காலத்தில் கார்புரேற்றருக்குள் நாலு துளி பெற்றோல் விட்டு உயிர் கொடுத்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினேன். முப்பது கிலோமீற்றருக்கு மேல் அது போனதுமில்லை, நான் போக நினைத்ததுமில்லை. ஐந்து சுவாமிமார் மாறினார்கள், ஐந்து பேரும் பின் சீற்றில் நிம்மதியாக நித்திரை கொண்டார்கள். இப்படிப்பட்டவனை நாலு வருடத்துக்கு முன் ஷெரோன் ஸ்பொன்சர் செய்து இங்கே கூப்பிட்டதும், அவள் எடுத்த வீட்டின் கீழ்த்தளத்தில் றெயால் என்ற கிழவர் இருந்ததும் யார் செய்த குற்றம் என்று தாங்களே சொல்லுங்கள்.

றெயால்தான் எங்கள் வீட்டுக்காரர். வயது எண்பத்தொன்று. அறுபதுகளின் கடைசியில் பெரிய இஞ்சின் பூட்டிய அமெரிக்கக் கார்கள் வந்தனவாம், 'மசில் கார்' என்று பெயர். தசை வைத்த கார் என்று நான் மொழிபெயர்த்தேன், றெயால் அதைக் கேட்டு இருமல் வரும்வரை சிரித்தார். அந்தக் காலத்தில் அவர் அந்தக் கார்களை ஓட்டியவர், தனக்கும் பிறருக்கும் இஞ்சின் கட்டிக் கொடுத்தவர். எங்கள் பின் ஒழுங்கையில் இருக்கும் கராஜில் நின்ற பழைய மஞ்சள் காருக்கு மூன்று வருடமாக ஒரு இஞ்சினைக் கட்டிக்கொண்டிருந்தார். கண்ணில் நடுப்பார்வை போய்விட்டது. டொக்டர் லைசென்சைப் பறித்துவிட்டார். ஆனாலும் விரலால் தடவித் தகடு வைத்து வால்வ் இடைவெளி பார்ப்பார். ஸ்குறூ டிறைவரின் ஒரு முனையை இஞ்சினிலும் மறுமுனையைக் காதிலும் வைத்து, டொக்டர் நெஞ்சு பார்க்கிறமாதிரிக் கேட்பார். நானும் சும்மா இருக்க முடியாமல் கீழே போய் மண்ணெண்ணெய்க் கதையைச் சொல்லிவிட்டேன். என் பிரெஞ்சு பாதி, கை பாதி. அவர் எழுந்து தொப்பியைக் கழற்றினார். அன்றிலிருந்து எனக்குக் கோப்பி தரத் தொடங்கினார்.

றெயால் மிகுந்த பக்திமானும்கூட. இதைத் தாங்கள் அவசியம் அறியவேண்டும். ஒரு நட் கழன்று விழுந்தால்கூடக் கடவுளை மறக்க மாட்டார். "தபர்னாக்!" என்று நற்கருணைப் பேழையைக் கூப்பிடுவார். விரல் நசுங்கினால் "கலிஸ்!" என்று பூசைக் கிண்ணத்தைக் கூப்பிடுவார். இஞ்சின் ஸ்ராட் ஆகாவிட்டால் "ஓஸ்தி!" என்று நற்கருணை அப்பத்தைக் கூப்பிடுவார், நம் பழைய ஆட்கள் சொல்லும் அதே ஓஸ்திதான். மேலே குசினியில் நிற்கும் திரேசம்மா ஒவ்வொன்றுக்கும் "ஆமென்" சொல்லுவா. போன மாதம் பிரெஞ்சுக் கோவிலில் பூசை முடிந்து வாசலில் நின்ற பங்குத்தந்தைக்கு நானும் கை கொடுத்து இந்த மூன்று சொற்களையும் பணிவோடு சொன்னேன். அவர் முகம் சிவந்து, என் கையை விடாமல் அப்படியே நின்றுவிட்டார். உருகிவிட்டார் என்றே நினைக்கிறேன். வீடியோவில் நான் தொண்டை கிழியக் கத்துவதும் அந்தச் செபம்தான். தாங்கள் விரும்பினால் தங்கள் செபக் கூட்டத்தில் செபமாலை முடிந்ததும் எல்லோருமாகச் சேர்ந்து சொல்லலாம்.

இனி நடந்ததற்கு வருகிறேன். லைசென்ஸ் போனதிலிருந்து சனிக்கிழமைகளில் றெயாலைச் சாமான் வாங்க ஷெரோனின் காரில் கூட்டிப்போவது நான்தான். பிரெஞ்சு வகுப்பில் எனக்குப் படிப்பித்தது: 'லே கூர்ஸ்' என்றால் கடைக்குப் போய்ச் சாமான் வாங்குவது. ஆகஸ்ட் பதினைந்து, மடுமாதா திருநாளன்று காலை, றெயால் மேலே பார்த்து, "அம்புறோஸ்! இண்டைக்கு லா கூர்ஸ்!" என்று கூப்பிட்டார். இந்தத் தரம் கராஜிலிருக்கும் பழைய காரில் போவோம் என்று சாவியைக் கையில் தந்தார். 'லா' போட்டால் பந்தயம், 'லே' போட்டால் மரக்கறி என்று எந்த வாத்தியாரும் எனக்குச் சொல்லவில்லை, சம்பந்தியம்மா. திரேசம்மா ஐந்து பையும் ஒரு துண்டுச் சீட்டும் தந்தா. கத்தரிக்காய், முருங்கைக்காய், கணவாய் ஒரு கிலோ. "இஞ்சருங்கோ, கணவாயை மறந்துபோடாதேங்கோ, பின்னேரப் பூசைக்கு முதல் வந்திடுங்கோ" என்றா. நான் ஓம் என்றேன்.

ஒன்றரை மணித்தியாலம் போனோம். தூரத்தில் மலிவுச் சந்தை இருக்காக்கும் என்று நினைத்தேன். வாசலில் கார்கள் வரிசையாய் நின்றன, பார்க்கிங்குக்கு நெருக்கடி என்று நினைத்தேன். ஒருவர் வந்து பொனற்றைத் திறந்து பார்த்தார், பாதுகாப்புச் சோதனை என்று நினைத்தேன். கண்ணாடியில் வெள்ளையால் 47 என்று எழுதினார்கள், கிளினிக்கில் இலக்கம் தருவதுபோலத்தானே. தலைக்கவசம் தந்தபோது, பழைய காருக்குக் காற்றுப்பை இல்லாதபடியால் கியூபெக் சட்டம் என்று நினைத்து, நன்றி சொல்லிப் போட்டுக்கொண்டேன். ஒரு கடுதாசியில் கையெழுத்தும் போட்டேன், இந்த நாட்டில் எதற்குத்தான் கையெழுத்து இல்லை. முன்னால் ஒரு கம்பத்தில் மஞ்சள் விளக்குகள் தெரிந்தன. றெயால் இறங்கி, ஜன்னலுக்குள் தலையை விட்டு, "வேர் வந்தால் பெஸ்!" என்றார். வேர் என்றால் பச்சை, பெஸ் என்றால் நிறுப்பது, வகுப்பில் படித்தது. பச்சை மரக்கறியை நிறுத்து வாங்கு என்கிறார் என்று தலையாட்டினேன். இந்த ஊரில் பெஸ் என்றால் அழுத்து என்றும் ஒரு அர்த்தம் உண்டாம். ஷெரோன் பிறகு சொன்னாள்.

மஞ்சள் எரிந்தது, நான் அசையவில்லை. பக்கத்து வரிசைக்காரர் பச்சைக்கு முன்னமே பாய்ந்தார், இப்படியும் சட்டத்தை மதிக்காத சனம் இருக்கிறதே என்று கவலைப்பட்டேன். பச்சை எரிந்தது. ஏ போட்டியை எழுப்பிவிடுகிற அளவுக்கு, ஒரு சுவாமியின் நித்திரை குழம்பாத அளவுக்கு, காலை மெல்ல வைத்தேன். அதற்குப் பிறகு அது கார் இல்லை. முன்பக்கம் வானத்தைப் பார்த்தது, என் கழுத்து பின்னால் அடித்து அப்படியே பிடித்துக்கொண்டது. பயத்தில் என் கால் விறைத்து அக்சிலேற்றரிலேயே நின்றுவிட்டது, ஆனால் கை மட்டும் இருபத்தாறு வருடப் பழக்கத்தில் கியரை மாற்றிக்கொண்டே இருந்தது. ஐந்து பையும் எழும்பி என் முகத்தைச் சுற்றின. வீடியோவில் ஜன்னலால் பறக்கும் நீலப் பை எங்களுடையது. நான் ஒரு முழு அருள்நிறை மரியே சொல்லி முடிக்குமுன் கால் மைல் முடிந்துவிட்டது. வேகம் மணிக்கு நூற்றெழுபது கிலோமீற்றராம். பக்கத்து வரிசைக்காரர் முந்திப் பாய்ந்ததால் தள்ளுபடி, மரியாதையாய்ப் பச்சைக்கு நின்ற எனக்கு வெற்றிக் கிண்ணம். அதற்குள் கணவாய்கூட வைக்க முடியாது, அவ்வளவு சின்னது.

திரும்பி வந்து பார்த்தால் றெயால் கம்பத்தடியில் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். கன்னமெல்லாம் ஈரம். "நான் உன்னைக் காணவில்லை, அம்புறோஸ். இஞ்சினைக் கேட்டேன். இரண்டாவது கியர் கொஞ்சம் பிந்திப் போட்டாய்" என்றார். மூன்று வருடம் கட்டிய இஞ்சின் முழுக் குரலில் பாடுவதை ஒரு தரம் கேட்டால் போதும் என்று இருந்தாராம். சொந்தப் பிள்ளைகளுக்குக் கிளச் மிதிக்கத் தெரியாது, அதனால்தான் என்னைக் கேட்டாராம். எனக்கும் கண் கலங்கிவிட்டது. அறுபத்தாறு வருடம் முப்பதிலேயே ஓடி முடித்த மனிதன் நான். ஒளிக்காமல் சொன்னால், சம்பந்தியம்மா, அந்தப் பதின்மூன்று வினாடியும் எனக்குப் பெரிய சந்தோசமாக இருந்தது. அது பாவம் என்றால் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிடுகிறேன்.

ஆனபடியால் என் பிழைக்காகப் பிள்ளைகளைத் தண்டிக்காதேயுங்கள். ஷெரோன் இரண்டு நாளாகக் கதைக்கிறாளில்லை. கதவைச் சாத்தும் சத்தம் மட்டும் கேட்கிறது. இனி அந்தக் காரின் கதவைத் தொடமாட்டேன் என்று மாதா சுரூபத்தின் முன் மெழுகுதிரி கொளுத்தி வாக்குக் கொடுத்துவிட்டேன். செப்டெம்பர் பத்தொன்பதாம் திகதியை மட்டும் மாற்றாதேயுங்கள். ஒரு நாள், ஒரு மணித்தியாலம்கூட மாற்றாதேயுங்கள் என்று தங்களை இரந்து கேட்கிறேன்.

தங்கள் வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு எங்கள் வணக்கமும், சிறியவர்களுக்கு எங்கள் ஆசீரும், தங்களுடைய சர்க்கரை வருத்தத்துக்குத் திரேசம்மாவின் விசேட செபமும் உரித்தாகுக.

மாறாத பணிவுடன்,
சூ. அம்புறோஸ்
(முன்னாள் பங்குச் சாரதி)

பி.கு.: முத்திரை ஒட்டக் கொடுத்த இடத்தில் ஷெரோன் இதை வாசித்துவிட்டாள். "அப்பா, அது செபமில்லை! இஞ்சத்தைப் பெரிய தூஷணம்!" என்று தலையில் கை வைத்தாள். இரண்டு நாளைக்குப் பிறகு அவள் என்னோடு கதைத்த முதல் வார்த்தை அது. ஆகவே செபக் கூட்டத்தைப் பற்றி எழுதிய வரியைத் தயவுசெய்து தாங்களே மையால் அழித்துவிடவும், நான் அழித்தால் முழுக் கடிதத்தையும் திரும்ப எழுதவேண்டும். பிரெஞ்சுக் கோவிலுக்கு இனி நாங்கள் போவதில்லை.

இன்னொன்று. கிண்ணம் வென்றவர்களுக்கு இறுதிப் போட்டி ஒன்று இருக்கிறதாம். நான் போகாவிட்டால் தானே ஓட்டப்போவதாக றெயால் சொல்கிறார். கண் தெரியாத மனிதரை எப்படி விடுவது? நான் வாக்குக் கொடுத்தது கதவைத் தொடமாட்டேன் என்றுதான், கதவைத் தான் திறந்துவிடுவதாக அவர் சொல்கிறார். தங்கள் மகன் றஜிந்தனுக்கும் விசயம் தெரியும். "அங்கிள், ரெண்டாவது கியரைக் கொஞ்சம் முந்திப் போடுங்கோ, நானும் பாக்க வாறன்" என்று நேற்றுத் தொலைபேசி எடுத்துச் சொன்னார். தங்கமான பிள்ளை. போட்டி செப்டெம்பர் பத்தொன்பது, சனிக்கிழமை. நிச்சயதார்த்தத்தை ஒரேயொரு நாள் தள்ளி ஞாயிற்றுக்கிழமை வைக்கத் தாங்கள் மனமிரங்க வேண்டும். மண்டபம், கேக், சுவாமி மூன்றையும் நானே மாற்றிவிடுகிறேன். சனிக்கிழமை தாங்களும் வருவதானால் காதுக்குப் பஞ்சும், ஸ்காபரோவிலிருந்து ஒரு கிலோ கணவாயும் கொண்டு வரவும். அன்றைக்கு வாங்கப் போனது இன்னும் வாங்கவில்லை.