பில்பாவில் இறங்கிய வைராக்கியம்

மனிதனுக்கு மானம் முக்கியம். என் மானம் ஏழு வருடங்களுக்கு முன் பாரிஸ் விமான நிலையத்தில் போனது. என் மனைவி பவளராணியின் தம்பி இந்திரகுமார் எங்களைக் கூட்டிப்போக வரவில்லை. "வேலை அத்தான், டாக்ஸி பிடிச்சு வாங்கோ" என்று போனில் சொன்னான். வந்திறங்கும் சொந்தங்களை விமான நிலையத்தில் நின்று கூட்டிப்போகாத தமிழனும் உண்டா? அன்றோடு பேச்சை நிறுத்தினேன். பவளம் அவனுக்குப் போன் எடுத்தால் நான் வெளியே போய்ப் புல் வெட்டுவேன். சிட்னியில் நாங்கள் இருக்கும் டூங்கபியிலேயே எங்கள் புல்தான் மிகக் கட்டை.

இப்போது அவன் ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில், சான் செபஸ்டியானில் இருக்கிறான். அவன் மகள் கௌசிகா பெரியவளாகிவிட்டாள்; சாமத்தியச் சடங்கு.

"மாமி நானில்லாமல் ஆர் ஆலாத்தி எடுக்கிறது?" என்று பவளம் குசினியில் நின்று அழுதாள். எனக்கு மனசு கேட்கவில்லை.

"சரி, வாறன். ஆனா அவன்ர காரில ஏற மாட்டன். நானா முதல்ல கதைக்கவும் மாட்டன்."

"அப்ப எப்பிடிப் போறது?"

"பஸ்ஸில!"

பக்கத்து ஊர் செவன் ஹில்ஸுக்கே வழி கேட்டுப் போகிற நான் பாஸ்க் நாட்டுப் போக்குவரத்து மந்திரியானேன்.

"பிளேனில பியாரிட்ஸில இறங்குவம்" என்றேன்.

"அது பிரான்சில. அந்த நாட்டு விமான நிலையம் எங்களுக்கு ராசியில்லை" என்றாள் பவளம்.

நியாயம்தான்.

"ஒண்டரிபியா? அதுதான் கிட்ட."

"ஓடுபாதை கட்டையாம். முடியிற இடத்தில தண்ணியாம். உங்களுக்கு நீந்தத் தெரியுமோ?"

தெரியாது.

"அப்ப பில்பாவ். வாசலிலேயே பஸ் நிக்கும். நேர சான் செபஸ்டியான்."

"ஐயோ, அவ்வளவு தூரமோ?"

"நான் சொன்னாச் சொன்னதுதான்!"

பவளம் தலையைக் குனிந்துகொண்டாள். இந்த வீட்டில் என் சொல் எடுபட்டு எத்தனை காலம்! அன்று மூன்று தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

பில்பாவில் மழை. எங்களை எதிர்பார்த்து ஒருவரும் நிற்கவில்லை. நான் கேட்டதுதான். ஆனாலும் வாசலை இரண்டு தரம் திரும்பிப் பார்த்தேன்.

"நான் பெட்டியளைப் பாக்கிறன். நீங்கள் போய் டிரைவரிட்டக் கேளுங்கோ" என்றாள் பவளம்.

பஸ் படியேறி, இரண்டு விரலைக் காட்டி, "சான் செபஸ்டியான்" என்றேன்.

"வாங்கோ அத்தான்."

டிரைவர் இருக்கையில், சீருடையோடு இந்திரகுமார். தலை நரைத்திருந்தது.

"அண்டைக்கு லீவு தரேல்லை அத்தான். இண்டைக்கு உங்களுக்காண்டி இந்த ஓட்டத்தைக் கேட்டு வாங்கினனான்."

ஏழு வருடங்களில் அவனிடம் நான் பேசிய முதல் வார்த்தை ஓர் ஊரின் பெயராகப் போயிற்று. கோபத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை. கௌரவத்துக்காகவாவது இறங்கிவிடலாமா என்று திரும்பினேன். படியை அடைத்துக்கொண்டு பவளம் நின்றாள்.

"இது கார் இல்லைத்தானே? கெதியா உள்ள போங்கோ, பின்னால சனம் நனையுது."