அலாரம் அடித்தால் ஓடிவரும் அண்ணன்

உலகத்தில் ஓர் இனம் உண்டு. எங்கே மணி அடித்தாலும் முதலில் ஓடிவரும். எதற்கு அடித்தது என்று மட்டும் கேட்காது. வாசகரே, உங்கள் அலுவலகத்திலும் ஒருவர் இருப்பார். நான் கண்டவர் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்தார். எல்லோருக்கும் அவர் 'ஆம்புலன்ஸ் அண்ணன்'. டாக்டர் வருவதற்குள் தானே பிறந்து, வந்த டாக்டருக்குக் கதவைத் திறந்துவிட்டவர் என்று கேள்வி. நான் நம்புகிறேன்.

அங்கே ஓர் ஆராய்ச்சிக்காரி. அவள் படித்ததும் இதே இனத்தைத்தான், ஆனால் உடம்புக்குள். நம் ரத்தத்தில் நோயை எதிர்க்கும் டி செல்களில் பெரும்பாலானவை நிதானக்காரர்கள். எதிரியின் முகம் பார்த்து, விசாரித்து, படை திரட்டப் பல நாள் எடுத்துக்கொள்ளும். ஒரு சிறு கூட்டம் மட்டும் அப்படியில்லை. ஆபத்தின் வாடை பட்டால் போதும், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாய்ந்துவிடும். எச்.ஐ.வி. புகுந்த தொடக்க வாரங்களில் இந்தக் கூட்டம் என்ன செய்கிறது? அதை அறிய, அந்த வாரங்களிலேயே எடுத்த ரத்தம் வேண்டும். போனால் போனதுதான், மறுபடி எடுக்க முடியாது. சிலர் மனமுவந்து கொடுத்த அப்படிப்பட்ட ரத்தம், அவளுடைய பல வருட உழைப்பு, ஒரே ஃபிரீசரில் உறைந்து கிடந்தது.

ஒரு மத்தியானம் ஃபிரீசர் கத்தியது. கதவு சரியாக மூடவில்லை, அவ்வளவுதான். ஓர் அழுத்து அழுத்தினால் அடங்கியிருக்கும். அண்ணனோ சாப்பாட்டை விட்டு, செருப்பை விட்டு, எதிரே வந்த இயக்குநரைச் சுவரோடு ஒட்டவைத்துவிட்டு ஓடிவந்து, கதவை அகலத் திறந்து தலையை உள்ளே நீட்டினார்.

"அண்ணே, கதவ மூடுங்க!" என்று அலறிக்கொண்டு வந்தாள் அவள்.

"மூடி மூடித்தாம்மா பாக்குறேன். குளிர் இருக்கான்னு தெரிய வேணாமா?"

"இப்படித் தெறந்து தெறந்து பாத்தா எப்படிண்ணே இருக்கும்?"

இருக்கவில்லை. பெட்டிகளை உடனே கீழ்த்தளத்து ஃபிரீசருக்கு மாற்றியாக வேண்டும். கை வேண்டிய அந்த நேரத்தில் அண்ணன் எங்கே? மின்விசிறிக்கு அடியில்.

"மூச்சு வாங்குதும்மா. காலைலேருந்து ஒரே ஓட்டம். நீ தூக்கு, நான் எப்படின்னு சொல்றேன்."

அவளே தூக்கினாள், அவளே ஏறி இறங்கினாள். ரத்தம் பிழைத்தது.

பிறகு ஒருநாள் முடிவுகள் வந்தன.

"அண்ணே, இந்த செல்லுங்க அப்படியே உங்கள மாதிரி. வைரஸ் வந்ததும் மொத ஆளா துள்ளி எழுந்து, கூட்டமாப் பெருகி..."

"அப்படிப் போடு!" அண்ணன் கிளம்பிவிட்டார், தளம் தளமாகச் சொல்லிவர. வைரஸோடு நீண்ட போர் நடக்கும்போது அவை குறைந்து, சோர்ந்து, கூப்பிட்டாலும் எழாமல் கிடக்கின்றன என்ற மறுபாதி அவள் வாயிலேயே நின்றது.

சிரிக்கிறீர்களா? தலைப்பைப் பார்த்ததுமே 'நம்ம மச்சான்தான் இது' என்று முடிவுகட்டி, மீதியைப் படிக்காமலே அவருக்கு அனுப்பக் கை நீண்டதே, மறந்துவிட்டீர்களா? போனை ஒருமுறை பாருங்கள். அவர் இதையே உங்களுக்கு அனுப்பி ரொம்ப நேரமாகிறது.