ஜாதகத்தில் மடித்த மருந்துப் பெட்டி

மகளை ஜெர்மனிக்கு ஆராய்ச்சிக்கு அனுப்பிவிட்டு, இங்கே தாமே விஞ்ஞானியாகிவிடும் அப்பாக்கள் என்றோர் இனம் உண்டு. தொண்ணூறுகளுக்கு முன் சித்தூர் ஜில்லாவில் இந்த இனம் கிடையாது. இப்போது மாந்தோப்புக்கு ஒருவர். எப்படி அடையாளம் காண்பது? மழை வருமா என்று கேட்டுப் பாருங்கள். "மழை கெடக்குது, டி.என்.ஏ.வை மடிக்கலாம், தெரியுமா?" என்பார்.

பங்காருபாளையம் கங்கையா இந்த இனத்துக்குத் தலைவர். மகள் சுமித்ரா அங்கே டி.என்.ஏ. இழையை மடித்து, ஒரு தலைமுடியின் அகலத்தில் ஆயிரம் அடுக்கலாம் என்கிற அளவில் நேனோ பெட்டி செய்கிறாள். உள்ளே மருந்து, புற்றுநோய்ச் செல்லைக் கண்டால்தான் மூடி திறக்கும். இதை அவர் மாங்காய் மண்டியில் ஏலத்தின் நடுவிலும், ஷேர் ஆட்டோவில் அடுத்தவர் மடியில் பாதி உட்கார்ந்தபடியும், திருமலை தரிசன வரிசையில் பதினோரு மணி நேரமும் விளக்கியிருக்கிறார். அன்று அவருக்கு முன்னால் நின்ற மூன்று பேருக்கு நாவிதர் தேவைப்படவில்லை. முடி தானே கொட்டிவிட்டது.

நஷ்டம் யாருக்கு? தோப்பைப் பார்த்துக்கொள்ளும் மகன் சிரஞ்சீவிக்கு. வயது முப்பத்து மூன்று. இரண்டு சம்பந்தங்கள் நேனோவாலேயே தட்டிப்போயின. மூன்றாவதாகத் திருச்சானூருக்குப் பெண் பார்க்கக் கிளம்பியபோது கங்கையாவிடம் அவர் மனைவி வெங்கடலட்சுமி கற்பூரம் ஏற்றிச் சத்தியம் வாங்கினாள்: "அங்க துன்றதுக்கு மட்டும்தான் வாயைத் தொறக்கணும்."

கால் மணி நேரம் சத்தியம் நின்றது. பெண்ணின் அப்பா நாகையா, பாவம், மரியாதைக்குக் கேட்டார்: "உங்க பொண்ணு அங்க இன்னா படிக்குது?"

சிரஞ்சீவி கண்ணை மூடிக்கொண்டான்.

கங்கையா காகிதம் தேடினார். தாம்பாளத்தில், மூலைக்கு மூலை மஞ்சள் தடவிய பெண்ணின் ஜாதகம் இருந்தது. எடுத்தார், நாலாக மடித்தார், எட்டாக மடித்தார், மூடி போட்ட பெட்டியே செய்துவிட்டார். "இது டி.என்.ஏ." கேசரியை ஒரு கை அள்ளி உள்ளே வைத்தார். "இது மருந்து." நெய் ஊறி, செவ்வாயும் ராகுவும் ஒரே வீட்டுக்குக் குடிபோனார்கள். "சம்மந்தி, நீங்கதான் புத்துநோய்."

"இன்னாது?"

"ஆடாம குந்துங்க. பெட்டி தேடிக்கினு வரும், உங்களைப் பாத்ததும் தொறந்துக்கும், நீங்க செத்துடுவீங்க!"

நாகையா எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். அந்த மடிப்பை விளக்க விஞ்ஞானி வேண்டியதில்லை.

அப்போது காப்பித் தட்டோடு நின்ற பெண் ரூபா, திருப்பதியில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள், கேட்டாள்: "மாமா, வெளியிலேர்ந்து வர்ற டி.என்.ஏ.வை ஒடம்பே கரைச்சுடுமே? பெட்டி போய்ச் சேர்ற வரைக்கும் எப்பிடித் தாங்கும்?"

கங்கையா விளக்கம் சொல்லாமல் விளக்கம் கேட்கக் கிளம்பினார். ஜில்லா வரலாற்றில் முதல் முறை. மகளுக்கே போன் போட்டு, ஸ்பீக்கரில் கேட்டார்.

"நைனா, ரெண்டு வருசமா நான் மண்டையை ஒடைச்சிக்கினு கீறதே அதுக்குத்தான்! யாரு கேட்டது?"

"அண்ணனுக்குப் பாக்குற பொண்ணு."

"அய்யோ, அவங்களை வுட்டுடாதீங்க!"

நாகையா வேட்டியை இறக்கினார். ஆனாலும் முறைப்பு குறையவில்லை. "உனுக்கு இன்னாம்மா தோணுது?"

"சம்மதம் நைனா," என்றாள் ரூபா. "வந்ததுலேர்ந்து அவரு ஒரு வார்த்தை பேசலை. அந்த வூட்ல அப்பிடி ஒருத்தர் கெடைக்கிறது சாமானியமா?"

சிரிக்கிறீர்கள். சரி. டி.என்.ஏ.வை மடித்துப் பெட்டி செய்யலாம் என்பது இதைப் படிக்கும் முன் உங்களுக்குத் தெரியாது, இப்போது தெரிந்துவிட்டது. பக்கத்தில் யார் சும்மா இருக்கிறார்கள் என்று உங்கள் கண் தேடுகிறதே, எதற்கு?